ரேடார் திரைக்கடியில் ஐ டிராக்கர்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மேசைகளுக்கென்று விற்கப்படும் ஐ டிராக்கர் பட்டை (திரைக்கடியில் இருந்து கேமராவால் கண் அசைவைத் தொடரும் கருவி) இரண்டு வேலை செய்யும் என்கிறார்கள். கன்ட்ரோலருக்குத் தூக்கம் வருகிறதா என்று பார்க்கும். திரை முழுக்கக் கண் ஓட்டுகிறாரா என்றும் பார்க்கும். முதல் வேலை பரவாயில்லை. இரண்டாவதை நம்பி அலாரம் வைத்தால் தலைவலிதான்.

தூக்கத்தை அளப்பது 'பெர்க்ளோஸ்' கணக்கு: இமை கண்மணியை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கும் நேரம், மொத்த நேரத்தில் எவ்வளவு என்பது. சோர்வு ஏறினால் இமை மெல்ல இறங்கி மெல்லவே ஏறும், அந்தச் சதவீதமும் கூடும். சிக்கல் வருவது காகித ஸ்ட்ரிப் (விமானத்துக்கு ஒன்றாக விவரம் எழுதிவைக்கும் துண்டுத்தாள்) உள்ள மேசையில். குனிந்து எழுதும்போது மேல் இமையும் தாழ்கிறது. கருவி அதை மூடிய கண் என்று எண்ணிவிடுகிறது. தலைச் சாய்வையும் கணக்கில் எடுக்கும் மென்பொருளா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கண்ணைப் படம்பிடிக்கக் கருவி வீசும் விளக்கின் அலைநீளத்தையும் பாருங்கள். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு இருண்ட அறையில் மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும். எட்டு மணி நேர ஷிஃப்டில் அது எரிச்சல். 940 கண்ணுக்குத் தெரியாது.

இனி ஸ்கேன், அதாவது திரையில் கண் ஓட்டுவது. கண் பார்க்கும் திசையைச் சொல்வதில் நல்ல கருவியிலும் ஒரு டிகிரி வரை பிழை சகஜம். 65 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது திரையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு விமானங்களின் லேபிள்கள் (திரையில் விமானத்தின் பக்கத்தில் தெரியும் பெயர், உயர விவரம்) ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்போது எதை வாசித்தார் என்று சொல்லவே முடியாது. அது தெரியவேண்டிய இடமே அதுதான்! போதாக்குறைக்கு, 'இந்தப் பகுதியை 30 விநாடியாகப் பார்க்கவில்லை' என்ற அலாரம் காலி மூலைக்கும் அடிக்கும். அனுபவமுள்ளவர் இடமிருந்து வலமாக வரி வரியாகப் பார்ப்பதில்லை. பாதைகள் வெட்டும் இடம், ஏறி இறங்கும் விமானம், எல்லையில் நுழையப்போவது, மறுபடி ஸ்ட்ரிப் என்று போக்குவரத்தைத் தொடர்ந்தே கண் போகும்.

இதைவிடப் பெரிய குறை, பார்வை பதிந்தாலே மனதில் பதிந்ததாகக் கருவி எடுத்துக்கொள்வது. நெரிசலைவிட ஆளரவமற்ற இரவில்தான் இது கழுத்தை அறுக்கும். கண் பழக்கத்தில் சுற்றி வரும், எதையும் வாசிக்காது. உளவியலாளர் மேக்வொர்த் 1948-இல் வெளியிட்ட கடிகாரச் சோதனையிலேயே (சுற்றும் முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கவனித்துச் சொல்வது) முதல் அரை மணிக்குள் கவனம் சரிவது தெரிந்துவிட்டது. அப்போதும் பார்வை எங்கெங்கே பதிந்தது என்று இந்தக் கருவி தரும் வண்ணப்படம் என்னவோ அழகாகத்தான் இருக்கும். லேபிளில் உள்ள உயரத்தை ஸ்ட்ரிப்பில் எழுதிய உயரத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பது இதற்கு நல்ல மருந்து. அதற்குக் கருவியே தேவையில்லை.

காசுக்கு மதிப்பு கிடைப்பது சிமுலேட்டரில். பயிற்சி முடிந்ததும் கண் போன தடத்தை ரேடார் பதிவின்மேல் ஓடவிட்டால், ஒரே விமானத்தோடு பேசிக்கொண்டு மற்றதை மறந்த இடம் பயிற்சி பெறுபவருக்கே தெரிந்துவிடும். விளக்கம் தேவைப்படாது.

காலிப்ரேஷனை (அவரவர் கண்ணுக்குக் கருவியைப் பொருத்தும் அளவெடுப்பு) திரையின் ஒன்பது புள்ளியில், வேலையில் போடும் கண்ணாடியோடும் ஹெட்செட்டோடும் செய்யுங்கள். ப்ரோக்ரெஸிவ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) கண்ணாடிக்காரர் கீழ்ப்பகுதி வழியே வாசிக்க முகவாயைத் தூக்குவார். நேராக உட்காரவைத்து எடுத்த அளவு அவருக்குப் பொருந்தாது. ஆள் மாறி நாற்காலி உயரம் மாறினால் அவரவர் அளவை ஏற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மேசை கைமாறும் அந்த ஓரிரு நிமிடத்தில் இதற்கு யாருக்கும் பொழுதில்லை என்பதால், அட்டையைக் காட்டினால் தானாக ஏற்றும் வகையே உத்தமம்.