அவுரிப் பொடி: சென்னையில் எங்கே வாங்கலாம், எப்படிப் போட்டால் நரை கறுக்கும்

அவுரி போட்டும் நரை கறுக்கவில்லை, தலை ஆரஞ்சாகவே நிற்கிறது என்று சொல்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். பொடி எத்தனை மாதம் பழசு? கரைத்து எவ்வளவு நேரம் கழித்துத் தலையில் வைத்தீர்கள்? பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். நரை கறுக்க முதலில் மருதாணி, அதை அலசிவிட்டு அதன் மேல் அவுரி இலைப் பொடி என்று இரண்டு கட்டமாகப் போட வேண்டும். மருதாணியை ஊற வைக்கிற பழக்கத்தில் அவுரியையும் முதல் நாள் ராத்திரியே கரைத்து வைத்துவிடுகிறார்கள். மருதாணி ஊற வேண்டும். அவுரி ஊறினால் வீண்.

காரணம் எளிது. அவுரி இலையில் நீலம் நீலமாகவே இருப்பதில்லை, இண்டிகான் என்ற நிறமில்லாத பொருளாக இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் இலையிலேயே உள்ள என்சைம் அதை உடைக்கிறது. உடைந்து வருகிற பொருள் முடிக்குள் புகுந்து, காற்று பட்டு, அங்கேயே நீலமாக மாறிவிடுகிறது. கிண்ணத்திலேயே நீலமாகிவிட்டால் அது தண்ணீரில் கரையாது, முடிக்குள்ளும் இறங்காது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் என்சைமே செத்துவிடும். கையில் ஊற்றினால் இதமாக இருக்கிற சூடுதான் சரி.

இனி கடை. பூக்கடைப் பக்கம் கந்தகோட்டம் இருக்கிற ராசப்ப செட்டித் தெருவில் வரிசையாக நாட்டு மருந்துக் கடைகள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை, திருவான்மியூரில் இம்ப்காப்ஸ் (நாட்டு மருத்துவர்களின் கூட்டுறவு மருந்தகம்) என்று தெற்குப் பக்கத்துக்காரர்களுக்கும் இடம் உண்டு. சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் சீல் போட்ட பாக்கெட் கிடைக்கிறது. எங்கள் ஓட்டு பாக்கெட்டுக்குத்தான், அதுவும் அரைத்த மாதம் அச்சிட்டிருந்தால் மட்டும். டின்னிலிருந்து அள்ளி எடை போட்டுத் தரும் பொடி நல்லதாகவே வந்திருக்கலாம். ஆனால் மூடி நாளெல்லாம் திறந்து திறந்து மூடப்படுகிறது. சென்னை ஈரக் காற்றை அவுரி தாங்காது. நம்மூர் திண்டிவனம் வட்டாரத்திலேயே அவுரி பயிராகிறது, புதுப் பொடி கிடைப்பது கஷ்டமில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்டதை வாங்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

கடையில் இன்னொரு குழப்பமும் நடக்கும். அவுரி என்று கேட்டால் ஆவாரை கைக்கு வரும், சில இடங்களில் நிலாவாரையும் வரும். மூன்றும் பச்சைப் பொடிதான், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. “முடிக்குப் போடுற நீலி அவுரி” என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு டீஸ்பூன் பொடியை வெதுவெதுப்பான நீரில் கூழாகக் குழைத்து, வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு பொட்டு வையுங்கள். கால் மணி நேரத்தில் பொட்டைச் சுற்றி ஈரம் பரவிய ஓரம் நீலமாக மாற வேண்டும். பச்சையாகவோ மஞ்சளாகவோ அப்படியே நின்றால், அது வேறு இலை, அல்லது உயிர் போன பொடி. அதைத் தலையில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

மருதாணிக்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை. ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பல பாக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். ஒரு ஸ்பூனைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் மணல் தங்கினாலோ, தண்ணீர் உடனே பளீர் பச்சையானாலோ விட்டுவிடுங்கள். “பிளாக் ஹென்னா” என்று வருவது வெறும் மருதாணி அல்ல. மருதாணி எந்தக் காலத்திலும் தனியாகக் கறுப்பு தராது. அதைக் கறுப்பாக்குவது பெரும்பாலும் பிபிடி என்கிற சாய ரசாயனம், பாக்கெட் டையில் இருப்பதும் அதுதான்.

அளவு: கிராப் முடிக்கு மருதாணி 50 கிராம், அவுரி 50 கிராம். தோள் வரை என்றால் நூறு நூறு. இடுப்புப் பக்கம் வரும் பின்னலுக்கு 200 கிராம் மருதாணியும் 250 கிராம் அவுரியும் கைவசம் வேண்டும், நடுவில் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்க நேரம் இருக்காது. 100 கிராம் பொடிக்குத் தண்ணீர் 250 முதல் 300 மில்லி. இட்லி மாவுப் பதம் வந்தால் சரி, தோசை மாவாக இளகினால் காதுக்குள் வழியும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர் தண்ணீர் உப்பாக வரும் வீடுகளில் கரைப்பதற்கு மட்டுமாவது கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம் மருதாணி. காலையில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு மட்டும் போட்டு அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம். எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கிற இடத்தில் சாயம் பிடிக்காது. திட்டுத் திட்டாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மருதாணியை நம்மூர் வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் ஊற வைத்தால் போதும். மேல் பரப்பு பழுப்பாகி, கிளறினால் உள்ளே பச்சையாக இருந்தால் தயார். எலுமிச்சையைப் பிழிந்து கொட்டினால் முடி வறண்டு நார் நாராகும், ஒரு ஸ்பூன் போதும், இல்லாமலும் நடக்கும். டீ டிகாக்‌ஷனும் இரும்புச் சட்டியும் கட்டாயமில்லை.

தலையை நான்காகப் பிரித்து, அரை அங்குல வகிடு வகிடாக எடுத்து, வேரில் கெட்டியாக வையுங்கள். கிருதா, காதோரம், நெற்றி ஓரம் இந்த மூன்றையும் முதலில் முடியுங்கள். அங்கே நரை முரட்டுத்தனமாக இருக்கும், நேரம் அதிகம் கேட்கும். நெற்றியிலும் காதிலும் வாசலின் தடவலாம், முடியில் பட்டுவிடக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். இந்த நேரத்தில் நரையெல்லாம் செம்பட்டை ஆரஞ்சாக இருக்கும். அது தவறல்ல, அடித்தளமே அதுதான். மருதாணி இல்லாமல் அவுரி மட்டும் போட்டால்தான் நரை பச்சை கலந்த நீலமாகி அசிங்கப்படும்.

இரண்டாம் கட்டத்தில்தான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். முடி ஈரம் துவட்டிய பிறகுதான் அவுரியைக் கரையுங்கள். 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை ஒரு சொட்டும் வேண்டாம். கரைத்ததும் அது வெறும் பச்சைச் சேறு மாதிரி இருக்கும், பச்சைப் பட்டாணி வேக வைத்த வாடை அடிக்கும். பத்து நிமிடத்தில் மேலே கரு நீலமாக, எண்ணெய் மிதப்பது போல ஒரு மினுமினுப்புப் படலம் வரும். ஸ்பூனால் ஒதுக்கினால் அடியில் இன்னும் பச்சை. அந்த நேரம்தான் நேரம். அங்கிருந்து அரை மணிக்குள் தலை முழுக்க வைத்து முடித்துவிட வேண்டும். நீண்ட முடிக்கு மொத்தப் பொடியையும் ஒரே தடவையில் கரைக்காதீர்கள். பின் தலைக்குப் பாதி, அது முடிந்ததும் முன் தலைக்குப் பாதி. கிளவுஸ் கட்டாயம், நகத்தில் ஏறிய நீலம் லேசில் போகாது. மொசைக் தரையில் சொட்டினால் உடனே துடைத்துவிடுங்கள்.

வைத்ததும் ஷவர் கேப் போட்டு, மேலே பழைய பருத்தித் துண்டைச் சுற்றுங்கள். ஃபேனுக்கு நேராக உட்கார வேண்டாம். காய்ந்துபோனால் சாயம் அங்கேயே நின்றுவிடும். ஒன்றரை மணி நேரம், முரட்டு நரைக்கு இரண்டு. பிறகு தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். அன்றைக்கும் அடுத்த நாளும் ஷாம்பு, சீயக்காய், அரப்பு எதுவும் கிடையாது. முதல் நாள் கொஞ்சம் பச்சை அடிக்கும், பயப்படாதீர்கள். இரண்டு மூன்று நாளில் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். தலையணைக்குப் பழைய உறை போடுங்கள்.

மூன்றாம் நாளும் வேர் ஆரஞ்சாக இருந்தால் மருதாணி மறுபடி வேண்டாம். அவுரி மட்டும் 45 நிமிடம் அங்கே வையுங்கள். கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பு போதும் என்பவர்கள் ஊறிய மருதாணி ஒரு பங்கு, அப்போதுதான் கரைத்த அவுரி இரண்டு பங்கு கலந்து ஒரே தடவையாக இரண்டு மணி நேரம் போடலாம்.

இதற்கு ஒரு நாளின் பெரும்பகுதி போய்விடும், அதை மறைக்க முடியாது. நேரம் இல்லாதவர்களுக்கு கோத்ரெஜ் எக்ஸ்பெர்ட் ரிச் கிரீம் சாஷே மாதிரி 20 கிராம் கிரீம், 20 மில்லி டெவலப்பர் (கிரீமோடு கலந்தால் நிறத்தை வரவைக்கும் திரவம்) வகை நியாயமான மாற்று. சம அளவாக, பிளாஸ்டிக் கிண்ணத்தில், வைக்கும்போது மட்டும் கலக்க வேண்டும். கலந்த மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. அட்டையில் போட்டிருக்கிற நேரத்தைத் தாண்டி வைத்தால் கறுப்பு அதிகமாகாது, தோல்தான் எரியும். அம்மோனியா இல்லை என்று போட்டிருந்தால் பிபிடியும் இல்லை என்று அர்த்தமில்லை, பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்காமல் எந்த டையும் போடக் கூடாது. அவுரிக்கும் இதே விதிதான். பவுடர் டை பாக்கெட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிபிடி வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கும், சிறுநீரகம் கெடும். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடைந்துபோகும் பிறவிக் குறை) உள்ளவர்களுக்கு மருதாணியே ஆகாது.

பியூட்டி பார்லரில் பிளீச் செய்து நிறம் ஏற்றும் எண்ணம் இருந்தால் அவுரிப் பக்கம் வராதீர்கள், பிளீச் பட்டால் பச்சையாகிவிடும். மற்றபடி, நரையை வேரோடு ஒரே நிறமாக மூடி, முடியைத் தடிமனாகக் காட்டுகிற வேலையில் அவுரிக்குப் பத்துக்கு எட்டு தாராளமாகத் தருவோம். குறைந்த இரண்டு மார்க் நேரத்துக்கும், கடைக்குக் கடை மாறும் பொடியின் தரத்துக்கும். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆகவே நான்கு வாரத்துக்கு ஒரு முறை 30 கிராம் மருதாணியும் 30 கிராம் அவுரியும் வேருக்கு மட்டும். நுனி வரை ஒவ்வொரு தடவையும் இழுத்தால் கீழ்ப்பாதி மை மாதிரி அப்பிக்கொண்டு, மேல்பாதியோடு ஒட்டாமல் நிற்கும்.