மலக்குழி மரணங்கள்: வழக்கா, கடப்பாரையா, இயந்திரமா?

மலக்குழிக்குள் ஆள் இறங்கிச் சாவதை நிறுத்த மூன்று வழிகளில் வேலை நடக்கிறது. நீதிமன்றம் போவது, தொழிலாளர்களே திரண்டு நிற்பது, ஆளுக்குப் பதில் இயந்திரத்தை இறக்குவது. மூன்றும் வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த வேலைக்கு வருகிற ஆளும் பணமும் கொஞ்சம்தான். எதை முதலில் கையில் எடுப்பது?

வழக்கைப் பார்ப்போம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993-ல் வந்தது. அமலுக்கு வரவே 1997 ஆகிவிட்டது. அதன் பிறகும் "எங்களிடம் உலர் கழிப்பிடமே இல்லை" என்று மாநிலங்கள் சாதித்தன. (தண்ணீர் இல்லாமல், மலத்தைக் கையால் அள்ள வேண்டிய கழிப்பிடம்தான் அது.) துப்புரவுத் தொழிலாளர்களின் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-ல் உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு வந்தது 2014 மார்ச் 27 அன்று. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அந்தத் தொகை 30 லட்சமானது.

இது சின்ன விஷயம் இல்லை. பிணவறை வாசலில் காண்ட்ராக்டர் தருகிற சொற்பப் பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பிய குடும்பம், இன்று தீர்ப்பைக் காட்டி உரிமையோடு கேட்கலாம். ஆனால் தீர்ப்பு வரப் பதினோரு ஆண்டுகள் ஆனது. பணமும் செத்த பிறகுதான் வருகிறது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படிச் சிறைக்குப் போன முதலாளிகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

செப்டிக் டேங்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தாமதம் எவ்வளவு கொடியது என்று புரியும். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும்; வாடை போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. முதலில் இறங்கியவர் சத்தமில்லாமல் சரிவார். மேலே நிற்பது அண்ணனோ மகனோ என்றால், யோசிக்காமல் குதிப்பார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான்.

சரி, திரண்டு நிற்பது? ஆந்தோலனைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெஸ்வாடா வில்சன் கோலார் தங்கவயலில் பிறந்தவர்; அவர் குடும்பமே இந்த வேலையில் இருந்தது. 1986-ல் உலர் கழிப்பிடங்களைப் பற்றி உள்ளூர் அதிகாரிகளுக்குப் புகார் எழுதினார், யாரும் அசையவில்லை. பிரதமருக்கு எழுதி, வழக்குப் போடுவேன் என்றும் எச்சரித்த பிறகு அந்தக் கழிப்பிடங்கள் நீர் வசதியுள்ளவையாக மாறின. அப்புறம் ஆந்தோலனில் தொழிலாளர்களே கடப்பாரையோடு போய் உலர் கழிப்பிடங்களை இடித்தார்கள், கூடைகளைக் கொளுத்தினார்கள். இடித்த கழிப்பிடத்துக்கு மறுநாள் காலை யாரும் வாளியோடு போக முடியாது. என் பார்வையில் இந்த வழிக்குத்தான் பலம் அதிகம். உச்ச நீதிமன்றத்தில் மாநிலங்களின் மறுப்பை உடைக்கும் சாட்சியங்களும் படங்களும் இந்த ஆட்களிடமிருந்துதான் வந்தன.

குறையும் உண்டு. மறுநாள் கூலிக்கு என்ன செய்வது என்ற கேள்வியை இடிப்பு தீர்க்காது. மறுவாழ்வுக்கு அரசு ஒரே தடவையாகத் தரும் 40,000 ரூபாயில் யாராலும் வேறு தொழில் தொடங்க முடியாது.

இயந்திரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018-ல் திருவனந்தபுரத்தில் இறங்கிய பேண்டிகூட் ரோபோ சாலையிலுள்ள சாக்கடைக் குழிகளுக்குச் சரிதான். வீட்டுப் பின்பக்கச் சந்தில் இருக்கும் செப்டிக் டேங்குக்கு அது போகாது. சாக்கடையைச் சுத்தம் செய்யும் இயந்திர வண்டி யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். டெல்லியில் 2019-ல் தொழிலாளர்களையே அந்த வண்டிகளுக்கு உரிமையாளராக்கினார்கள். அதைத்தான் மற்ற ஊர்களும் செய்ய வேண்டும்.

ஆகவே என் வரிசை: முதலில் ஊருக்கு ஊர் தொழிலாளர் குழு, அவர்கள் கையில் வண்டி, தேவைப்படும்போது வழக்கு. மரணம் நடந்த இரவே ஸ்டேஷனுக்குப் போய், வெறும் 'சந்தேக மரணம்' என்று எழுத விடாமல், 2013 சட்டத்தின் பிரிவுகளை எப்.ஐ.ஆரில் சேர்க்கச் சொல்லி நிற்கப்போவது அந்தக் குழுதான். அந்தத் தாள் சரியாக இல்லாவிட்டால், 30 லட்சம் கேட்டுப் போகும் மனைவியை ஒவ்வொரு ஆபீஸும் அடுத்த ஆபீஸுக்கு அனுப்பும்.