பனியை உருக்க எந்த அடுப்பு: கேஸா, பம்ப் ஸ்டவ்வா?

கனடாவின் கால்கரியில் எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் இந்த மார்ச்சில் முதன்முறையாக ஸ்கீயில் ஏறிப்போய்ப் பனியிலேயே கூடாரம் போடப்போகிறார்கள். ஸ்லீப்பிங் பேக், பனிவாரி எல்லாம் வாங்கியாயிற்று, அடுப்புதான் பாக்கி. எங்களிடம் இரண்டு வகையும் இருக்கிறது. முதல் இரண்டு குளிர்காலம் கேஸ், அடுத்த மூன்றும் பம்ப் ஸ்டவ். நான் பம்ப் ஸ்டவ் பக்கம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடையிலும் வசதியிலும் கேஸ் அடுப்புதான் மேல். கேஸ் டப்பாவின் தலையில் திருகி மாட்டுகிற சின்ன அடுப்பு 100 கிராம்கூட இருக்காது. பம்ப் ஸ்டவ் எரிபொருள் பாட்டில் இல்லாமலே 300 கிராம் வரும். கோடை மலையேற்றத்துக்கு மட்டும் வாங்குகிறவர்கள் யோசிக்காமல் கேஸ் வாங்கலாம்.

பனிக்காலத்தில் கணக்கு மாறுகிறது. ஓடையெல்லாம் உறைந்து கிடக்கும், குடிக்கிற ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் உருக்கித்தான் எடுக்கவேண்டும். பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கிற ஒரு கிலோ பனி வெறுமனே தண்ணீராவதற்குச் செலவாகும் வெப்பத்தை வைத்து, ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். எங்கள் இருவருக்கும் சமையலோடு சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் வேண்டியிருக்கிறது. மாலையில் கூடாரம் போட்டதும் பற்றவைத்தால் இரண்டு மணி நேரமாவது அடுப்பு எரியும்.

கேஸ் எங்களைக் கைவிட்டது ராக்கி மலைத்தொடரில் உள்ள வாப்டா பனிப்பரப்பில், மைனஸ் 22 டிகிரியில். டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே சளக் சளக்கென்று கேட்கிறது, மூன்றில் ஒரு பங்காவது இருந்திருக்கும். அடுப்பிலோ அகல் விளக்குத் திரி அளவுக்குத்தான் சுடர். டப்பாவில் இருப்பது கலவை. அதில் புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை, பியூட்டேன் பூஜ்ஜியத்தைத் தொட்டதுமே படுத்துவிடும். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவதால் சில டிகிரி சலுகை கிடைக்கும், அவ்வளவுதான். புரொப்பேன் முதலில் எரிந்து தீர்ந்துபோக, மிச்சம் திரவமாகவே கிடந்தது. போதாததற்கு, ஆவியாக ஆவியாக டப்பா தன்னைத்தானே இன்னும் குளிரவைத்துக்கொள்கிறது. அன்றிரவு டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் அணைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரோடு கீழே இறங்கினோம்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. டப்பாவைத் தலைகீழாக வைத்து, திரவத்தையே குழாய் வழியாக இழுத்துச் சுடரருகே ஆவியாக்குகிற கேஸ் அடுப்பு. நண்பருடையதை இரண்டு பயணங்களில் பயன்படுத்தினேன். மைனஸ் 15-இல் குறையே இல்லை. அதற்குக் கீழே போய்ப் பார்த்ததில்லை, அதனால் அதை மட்டம்தட்ட மாட்டேன்.

ஆனால் என்னை மாற்றியது குளிர் மட்டுமில்லை. அந்த ராத்திரி அடுப்பை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. திறக்க ஒரு திருகு, அதைத் தாண்டி என் கைக்கு அதில் வேலையே கிடையாது. பம்ப் ஸ்டவ்வில் எல்லாமே கைக்கு எட்டும். நம் வீடுகளில் இருந்த மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வின் நெருங்கிய சொந்தம்தான் இது. ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் 1892-இல் உருவாக்கிய ப்ரைமஸ் அடுப்பின் வழிவந்தவை இரண்டும். 1911-இல் நார்வே நாட்டு அமுண்ட்சன் தென்துருவத்துக்குக் கொண்டுபோனதும் ப்ரைமஸ்தான். இங்கே மண்ணெண்ணெய்க்குப் பதில் நாப்தா என்கிற, பெட்ரோல் மாதிரியான எரிபொருள். அழுத்தம் கொடுப்பது நம் கை, அதனால் வெளியே எத்தனை டிகிரி என்று அது பார்ப்பதில்லை.

இதுவும் கெட்டுப்போகும். போன வருடம் காலை ஆறு மணிக்குப் பம்ப் அடித்தால் காற்றே ஏறவில்லை, தண்டு தொளதொளவென்று போய்வருகிறது. ஊரில் அம்மா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்: தண்டை உருவி, தோல் வாஷரின் விளிம்பை நகத்தால் விரித்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். நானும் உருவினேன். தோல் குளிரில் காய்ந்து சுருங்கியிருந்தது. அதை ஜாக்கெட்டுக்குள் வைத்து உடம்புச் சூட்டில் பதமாக்கி, விளிம்பை விரித்து, உதட்டுக்குப் பூசுகிற பாமைத் தடவிப் போட்டேன். பத்தே நிமிடம், நீலச் சுடர் சீறிக்கொண்டு வந்தது. (தேங்காய் எண்ணெய் இங்கே உதவாது. 24 டிகிரிக்குக் கீழேயே அது உறைந்துவிடும்.) பர்னர் அடைத்தால் ஸ்டவ் பின்னால் குத்தவேண்டும், ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றவேண்டும். வாஷர், வளையம், ஸ்டவ் பின் எல்லாம் சேர்ந்து தீப்பெட்டி அளவு. எவ்வளவு மிச்சம் என்பதும் பாட்டிலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் இருவருக்கும் மூன்று இரவுக்கு ஒரு லிட்டர் போதுமானதாக இருந்திருக்கிறது. அதைவிட நீண்ட பயணம் நாங்கள் போனதில்லை.

ஆபத்து இதில் கூடுதல், மறைக்க மாட்டேன். பற்றவைக்கும்போது சுடர் முழங்கால் உயரம் எழும்பும். கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது: துணி பற்றிக்கொள்ளும் என்பது ஒன்று, கார்பன் மோனாக்சைடு இன்னொன்று. நாங்கள் வெளியே பனியில் இடுப்பளவு குழி தோண்டி, ஒரு மரப்பலகை மேல் அடுப்பை வைக்கிறோம். பலகை இல்லாவிட்டால் அடுப்பு பனியை உருக்கிக்கொண்டே இறங்கிச் சாய்ந்துவிடும். நாப்தாவைக் கையுறையில்லாமல் ஊற்றாதீர்கள். மைனஸ் 20-இலும் அது உறையாது, அதே குளிரோடு விரலில் பட்டால் நொடியில் தோல் வெளுத்துவிடும். விமானத்தில் எரிபொருளை ஏற்ற முடியாது. அது கேஸுக்கும் பொருந்தும்.

எந்த அடுப்பானாலும் பாத்திரத்தில் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெறும் பாத்திரத்தில் பொடிப் பனியைக் குவித்தால், உருகுகிற தண்ணீரை மேலே இருக்கிற பனி உறிஞ்சிக்கொள்ளும். அடியில் ஈரமில்லாமல் பாத்திரம் தீய்ந்து, தண்ணீர் முழுக்கக் கருகல் வாடை அடிக்கும்.

பம்ப் ஸ்டவ் வாங்கினால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஓர் இரவு அதை வெளியே வைத்துவிட்டு, காலையில் கையுறை போட்டபடியே கழற்றி, வாஷரை மாற்றி, பற்றவைத்துப் பாருங்கள்.