டிராக் காருக்கு முதலில் டயர், அப்புறம்தான் சஸ்பென்ஷன்: சில சீசன் ஓட்டிய அனுபவம்

டிராக்கில் ஓட்டலாம் என்று ஆசை வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் காயில்ஓவர் போடலாம்?" காயில்ஓவர் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் செட். டயரை முடிவு செய்யாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து. எவ்வளவு கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் என்பதையெல்லாம் தீர்மானிப்பது தரையைத் தொடும் ரப்பர்தான்.

என்னுடையது முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக். எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். முன்னால் மக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகிக்கொடுக்கும் குறுக்குத் தண்டு). வேலைக்குப் போவதும் இதே காரில்தான் என்பதால், நான் சொல்வதை முழு ரேஸ் காருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும்: தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான மதிப்பெண், பொதுவாக எண் குறைந்தால் ரப்பர் மென்மை. அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் 200-க்குக் கீழே போகக் கூடாது என்று விதி உண்டு. நிறுவனங்களும் 200 என்று அச்சிட்டுவிட்டு, உள்ளே எவ்வளவு மென்மையான ரப்பரை வைக்க முடியுமோ வைத்துவிடுகின்றன. மதிப்பெண் போடுவது தயாரிப்பவரே, அதனால் ஒரு 200 மாதிரி இன்னொரு 200 இருக்காது. யோகோஹாமா அட்வான் ஏ052 சட்டென்று சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூம்புகளுக்கு இடையே ஓட்டி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் ஆட்டோகிராஸுக்கு அது பொருத்தம், ஆனால் அதற்குப் பலியாவது ரப்பரின் ஆயுள். ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4 அவ்வளவு வேகம் தராது, ஆனால் இருபது நிமிட செஷன் முழுக்க ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நான் இரண்டாவது வகையில் நின்றுவிட்டேன். டயர் மாறாமல் இருந்தால்தான், மாறியது என் ஓட்டுதலா காரின் செட்டப்பா என்று தெரியும்.

அளவில் பேராசை வேண்டாம். 7 அங்குல ரிம்மில் 205 அகலம் அழகாக உட்காரும். அதே ரிம்மில் 225-ஐத் திணித்தால் பக்கச்சுவர் உள்ளே ஒடுங்கி, வளைவில் டயர் புரள ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் பதில் சொல்லத் தாமதமாகும். வாங்கும்போது பக்கச்சுவரின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடியில் வரும் பழைய சரக்கு பெரும்பாலும் இறுகிப் போயிருக்கும்.

காற்றழுத்தத்தில் நான் செலவழித்த நேரம் வேறு எதிலும் செலவழிக்கவில்லை. பைசா செலவில்லாமல் இவ்வளவு வித்தியாசம் தருவது இது ஒன்றுதான். குளிர்ந்த நிலையில் 26 பிஎஸ்ஐ வைத்து இறங்கினால் சில சுற்றுகளில் 33, 34 வந்துவிடும். எனக்கு வேண்டியது அந்தச் சூடான அளவு, அதனால் பிட்டுக்குள் வந்தவுடன் பார்த்து இறக்கிவிடுவேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். ஆறிய டயர் மிகவும் தாழ்ந்திருக்கும்.

டயரின் தோளில் (ட்ரெட்டும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில்) சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் புரண்டிருக்கிறது. அதற்கு அடுத்த படி, ஊசி குத்தும் வெப்பமானி. தூரத்திலிருந்து காட்டும் அகச்சிவப்புக் கருவி மேல்தோலை மட்டுமே அளக்கும், அந்தத் தோல் சில நொடிகளில் ஆறிவிடும். உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என்று மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். வெளி விளிம்பு கொதித்தால் கேம்பர் போதவில்லை.

ஸ்ட்ரட் வைத்த கார்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் நடக்கும். கார் சாயும்போது சக்கரமும் கூடவே சாய்ந்து, பாரம் முழுக்க வெளித்தோளில் விழும். தொழிற்சாலை அமைப்பில் கேம்பர் ஏறத்தாழ பூஜ்யம். ஸ்ட்ரட்டின் மேல்முனையை உள்ளே நகர்த்தும் கேம்பர் பிளேட் போட்டு மைனஸ் 3 டிகிரிக்கு (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது) அருகே கொண்டுவந்ததும் மூன்று அளவுகளும் கிட்டே வந்தன. வளைவின் நடுவில் முன்பக்கம் வெளியே தள்ளுவதும் பாதியாகக் குறைந்தது. உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. கேம்பரைத் தொட்டாலே டோவும் நகரும், எனவே இரண்டையும் சேர்த்தே அலைன்மென்ட் பாருங்கள், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மூட்டை வைத்து.

காரைத் தரையோடு ஒட்ட இறக்கும் ஆசைக்கு ஒரு வார்த்தை. படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் சக்கரப்பக்க முனை உள்முனையைவிட மேலே போய்விட்டால் ரோல் சென்டர், அதாவது கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கீழே சரிந்துவிடும். அதே ஸ்பிரிங்கில் கார் இன்னும் அதிகமாகச் சாயும். போதாததற்கு ஷாக்கின் பயணம் குறைந்து, மேடு வந்தால் பயண முடிவில் இருக்கும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். நான் ஆர்ம் ஏறக்குறைய மட்டமாக இருக்கும் உயரத்தில் நிறுத்திவிட்டேன்.

முதலில் போட்ட காயில்ஓவரில், ஷாக் எவ்வளவு கெட்டி என்பதை மாற்றும் திருகுக்கு 32 கிளிக் இருந்தது. ஒரு முனையிலிருந்து பாதிவரை திருப்பினாலும் எந்த மாற்றமும் தெரியாது, கடைசி சில கிளிக்கில் திடீரென்று மரக்கட்டை. ஒரே சீசனில் ஒரு பக்கம் எண்ணெயும் கசிந்தது. இப்போது இருப்பது ஒரே ஒரு திருகு உள்ள மோனோட்யூப் (ஒற்றைக் குழாய் ஷாக்). கிளிக் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் ஸ்டீயரிங்கில் தெரிகிறது. டிராக் ஓரத்து மேடான கெர்பில் ஏறி இறங்கினால் ஒரே அசைவில் அடங்கிவிடும். வாங்கும் முன் ஷாக்கைப் பிரித்துப் பழுது பார்த்துத் தருவார்களா, உதிரி சீல் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிளிக் எண்ணிக்கையைவிட அது முக்கியம்.

ஸ்பிரிங் முன்னால் 6 கிலோ/மிமீ, அதாவது ஒரு மிமீ அழுங்க 6 கிலோ பாரம் வேண்டும். பின்பக்கத்தை அசல் விகிதத்தைவிடக் கெட்டியாக்கினேன். முன்சக்கர இழுவைக் கார் திரும்ப அது பெரிய உதவி. இறுக்கமான வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கும், பயப்பட ஒன்றுமில்லை. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும் பழக்கம் இருந்தால் மட்டும் பின்பக்கம் சுற்றிவிடும், அவர்கள் இதைத் தள்ளிப்போடலாம். கார் சாய்வதைக் குறைக்கும் முன் ஆன்டி ரோல் பாரை நான் தொடவே இல்லை.

மழைக்கு இந்த டயர் எனக்குப் பிடிக்காது. ட்ரெட்டின் பள்ளங்கள் ஆழம் குறைவு. பாதி தேய்ந்தபின் தேங்கிய தண்ணீரில் மிதக்கும். அன்றைக்குச் சாதாரண ரோடு டயர் செட்டை மாட்டி, ஷாக்கைச் சில கிளிக் தளர்த்தி ஓட்டுகிறேன். முன் டயர்கள் இப்போது தேய்மானக் குறியை நெருங்கிவிட்டன. அடுத்த செட்டும் இதே டயர், இதே அளவு. கேம்பரில் மட்டும் இன்னும் கால் டிகிரி கூட்டிப் பார்க்கப் போகிறேன்.