பத்தாம் வகுப்புக்குப் பிறகு: மேல்நிலையா, பாலிடெக்னிக்கா?

கோத்தகிரி, குந்தா பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் எழும் முதல் கேள்வி, பிள்ளையை மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பதா, உதகை அரசு பாலிடெக்னிக்கில் சேர்ப்பதா என்பதுதான்.

மேல்நிலைக் கல்வி இரண்டு ஆண்டுகளுக்குரியது. மருத்துவம், கலை, அறிவியல், சட்டம் எனப் பல வழிகளைத் திறந்து வைக்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் பட்டயப் படிப்பு (டிப்ளமோ) மூன்று ஆண்டுகள். அதை முடித்தவர் வேலைக்கும் செல்லலாம், பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம்.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, பத்தாம் வகுப்போடு பட்டயத்துக்கு மாறும் பிள்ளைக்குக் கிடைக்காது. ஆகவே மருத்துவக் கனவுள்ள பிள்ளையை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். உயிரியல் உள்ள பிரிவு எந்தப் பள்ளியில் இருக்கிறதென்று முன்பே விசாரியுங்கள், ஏனெனில் மலையூர்ப் பள்ளிகள் எல்லாவற்றிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை.

இயந்திரங்களில் நாட்டமும் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய தேவையும் உள்ள பிள்ளைக்குப் பட்டயமே பொருந்தும் என்பது என் கருத்து. அதைக் குறைந்த மதிப்பெண்காரர்களின் புகலிடமாகப் பேசும் உறவினர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை உரிய பாடங்களோடு முடித்தவரும் பட்டயத்தின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.