பெங்களூரில் ‘வாஸ்குலர் கோடிங்’ வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பெங்களூருக்கு மெடிக்கல் கோடிங் (சிகிச்சையையும் நோயையும் இன்சூரன்ஸ் கிளெய்முக்கான கோடு எண்களாக மாற்றும் வேலை) படிக்க வரும் பிள்ளைகள் கவனிக்கவும். மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு பயிற்சி மையம், ‘அட்வான்ஸ்டு வாஸ்குலர்’ (ரத்தக் குழாய் சிகிச்சைகளுக்கான கோடிங்) என்று சொல்லி முழுக் கட்டணத்தையும் முதல் நாளே வாங்கிவிடுகிறது. பணம் போவது ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. ரசீது கிடையாது. பதிலுக்குக் கிடைப்பது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் நோட்டு. அதில் பெருந்தமனி அத்தியாயத்தைப் புரட்டினாலே சாயம் வெளுத்துவிடும்.

ஈவாருக்கு (வீங்கிய பெருந்தமனிக்குள் கிராஃப்ட் என்ற செயற்கைக் குழாயை ரத்தக் குழாய் வழியாகவே வைப்பது) 34802, 34803, கூடவே இமேஜிங்குக்கு 75952 என்று இருக்கிறது. இவை 2018 ஜனவரியிலேயே சிபிடியிலிருந்து (சிகிச்சைகளுக்கான அமெரிக்கக் கோடுத் தொகுப்பு) நீக்கப்பட்டவை. இப்போது இருப்பது 34701 முதல் 34708 வரை. இரண்டு இலியாக்கிலும் (இடுப்புத் தமனி) கிராஃப்ட் இறங்கினால் 34705. அனியூரிசம் (தமனி வீக்கம்) வெடித்த கேஸ் என்றால் 34706. இமேஜிங் அதற்குள்ளேயே அடக்கம். பழைய கோடு போட்ட கிளெய்ம் உடனே திரும்பி வந்துவிடும், அதோடு போயிற்று.

அடுத்த பக்கத்தில் இருக்கும் ஃபீவார்தான் (கிளைத் தமனிகளுக்குத் திறப்பு விட்ட கிராஃப்டை வைப்பது) ஆபத்து. 34841 முதல் 34848 வரை எல்லாமே எண்ணிக்கைக் கணக்கு. நோட்டு, கிராஃப்டில் உள்ள திறப்புகளை எண்ணச் சொல்கிறது. சிபிடி கேட்பதோ, ஃபெனஸ்ட்ரேஷன் (கிராஃப்டில் விட்ட திறப்பு) வழியாக ஸ்டென்ட் வைத்த வயிற்றுறுப்புத் தமனிகள் எத்தனை என்று. இரண்டு ரீனலிலும் (சிறுநீரகத் தமனி) ஸ்டென்ட், எஸ்எம்ஏவுக்கு (குடலுக்குப் போகும் தமனி) ஸ்டென்ட் இல்லாத ஸ்காலப் (கிராஃப்ட் விளிம்பில் உள்ள வெட்டு), ரீனலுக்குக் கீழே இரண்டாகப் பிரியும் இன்ஃப்ராரீனல் பைஃபர்கேட்டட் பாகம் என்றால் இரண்டுதான் கணக்கு, 34846. நோட்டு 34847 என்கிறது. ஒரே ரீனலில் இரண்டு ஸ்டென்ட் வைத்தாலும் ஒன்றுதான்.

அதோடு நிற்கவில்லை. அதற்கு மேல் 34705, ரீனலுக்குள் கதீட்டர் (மெல்லிய குழாய்) போனதற்குத் தனிக் கோடு என்று அடுக்கியிருக்கிறார்கள். இன்ஃப்ராரீனல் பாகமும் சரி, பெருந்தமனிக்குள்ளும் அந்தத் தமனிகளுக்குள்ளும் கதீட்டர், வயர் நுழைப்பதும் சரி, 34846க்குள் அடக்கம். தனியாகப் போட்டால் அது அன்பண்டிலிங், அதாவது ஒரே கோடில் அடங்கியதைப் பிரித்துப் பில் போடுவது. ஆடிட்டில் மாட்டுவது கோடர் தலைதான். உண்மையில் தனியாகப் போடக்கூடிய 34812 (தொடைத் தமனியைத் திறந்து வெளிப்படுத்துவது), 34713 (தோல் வழியாக 12 ஃபிரெஞ்ச் தடிமன் அளவோ அதற்கு மேலோ உள்ள ஷீத் என்ற உறைக்குழாய்) இரண்டையும் நோட்டில் காணோம்!

ஃபீவார் கிராஃப்டை நோயாளிக்கேற்பத் திட்டமிடுவதற்கான 34839 பிளானிங் கோடையும் அறுவை நாளிலேயே போடச் சொல்கிறார்கள். மருத்துவர் குறைந்தது 90 நிமிடம் செலவழித்ததாக ஆவணம் வேண்டும். அறுவை நாளிலோ முந்தைய நாளிலோ செய்த பிளானிங்குக்கு இந்தக் கோடு செல்லாது. டயக்னோசிஸிலும் (நோய்க்கான கோடு) அதே கதை. வெறும் ஐ71.4 என்று எழுதினால் 2022 அக்டோபர் முதல் செல்லாது. ஜக்ஸ்டாரீனல் (ரீனலை ஒட்டிய, வெடிக்காத வீக்கம்) என்றால் ஐ71.42.

முடிவில் தரும் ‘ஸ்பெஷாலிட்டி சான்றிதழ்’ அவர்கள் கணினியில் அச்சடித்தது. நிறுவனங்கள் கேட்பது ஏஏபிசியின் (கோடர்களுக்கான அமெரிக்க அமைப்பு) சிபிசி சான்று. இந்தத் துறைக்கு அவர்களுடைய தனித்தேர்வு சிஐஆர்சிசி. சிபிசி என்றால் 100 கேள்வி, 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம், சிபிடி புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். பயிற்றுநரின் சான்று எண்ணை ஏஏபிசி தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். கேட்டால் மழுப்புபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இலவச டெமோவில் மேலே சொன்ன ஸ்காலப் கேஸைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். நடப்பாண்டு சிபிடி புத்தகம் மேசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், விளம்பரம், வாட்ஸாப் பேச்சு எதையும் அழிக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.