சுதந்திரப் பிரகடனத்துக்குப் பின்பக்கம் ஒரு படிப்பறை: வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகம்

வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் சுதந்திரப் பிரகடனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே கட்டடத்தின் மறுபக்கம், பென்சில்வேனியா அவென்யூ வாசலில் நுழைந்தால், ஆய்வாளர்களுக்கான படிப்பறை இருக்கிறது. நான் எழுதுவது அதைப் பற்றி.

மேரிலாந்தில் முன்னாள் ராணுவத்தினரின் டிஸ்சார்ஜ் பதிவை, அதாவது எந்த நிலையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற குறிப்பைத் திருத்த மனு எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர் நான். வியட்நாமில் இருந்த பெரியவர் ஒருவர், "எனக்கென்று காங்கிரஸ் ஒரு சட்டம் போடாதா?" என்று கேட்டார். ஒரு காலத்தில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இப்படிப்பட்ட சட்டங்களை ஆயிரக்கணக்கில் போட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் (1861–65) பிறகு, பென்ஷன் அலுவலகம் கைவிரித்துவிட்டால் தொகுதி உறுப்பினரைப் பிடிப்பார்கள்; அவர் ஒரே ஒருவருக்கான மசோதாவைக் கொண்டுவருவார். அதிபர் க்ளீவ்லண்ட் தன் முதல் ஆட்சிக் காலத்தில் (1885–89) மட்டும் இப்படிப்பட்ட பென்ஷன் மசோதாக்களில் 200க்கும் மேல் நிராகரித்தார்.

சட்டத் தொகுதியில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பத்திதான். அதற்குப் பின்னால் இருந்த மனு, மருத்துவர் சான்று, கூட இருந்த சிப்பாய்களின் பிரமாண வாக்குமூலம் எல்லாம் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கின்றன. எனக்கு இந்த அறை முக்கியமாவது அதனால்தான்.

சாரா எட்மண்ட்ஸ் 1861இல் ஃப்ராங்க்ளின் தாம்ப்சன் என்ற ஆண் பெயரில் மிஷிகன் இரண்டாம் காலாட்படையில் சேர்ந்தவர். 1863இல் மலேரியா வந்தது. ராணுவ மருத்துவமனைக்குப் போனால் பெண் என்று தெரிந்துவிடும் என்று படையைவிட்டே போனார். பதிவேட்டில் 'ஓடிப்போனவர்' என்று ஏறிவிட்டது. இருபது வருஷம் கழித்து, பழைய தோழர்கள் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். 1884இல் தனிச் சட்டம் மூலம் மாதம் 12 டாலர் பென்ஷன் கிடைத்தது. அந்தக் கறையைத் துடைக்க 1886இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. பணம் முதலில், மரியாதை பிறகு. அந்த இரண்டு வருட இடைவெளியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடிமைத்தனத்திலிருந்து தப்பி, மற்றவர்களையும் மீட்ட ஹேரியட் டப்மனின் வாக்குமூலத்தைக் காப்பகமே இணையத்தில் போட்டிருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். போரில் செவிலியாக, சமையல்காரியாக, உளவு வீரர்களின் தலைவியாக வேலை செய்ததற்கு 1,800 டாலர் கேட்கிறார். அவருக்கு அதுவரை வந்துகொண்டிருந்தது சிப்பாயின் விதவை என்ற வகையில் மாதம் 8 டாலர். 1899ஆம் ஆண்டுச் சட்டம் அதை 20 ஆக்கியது. காங்கிரஸின் கீழவை 25 கேட்டிருந்தது, மேலவையான செனட் வெட்டிவிட்டது.

அறையின் நடைமுறைக்கு வருவோம். புகைப்பட அடையாள அட்டை காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசம், பாஸ்போர்ட்டும் போதும். பை, கோட்டு, பேனா எல்லாம் லாக்கரில். உள்ளே பென்சில்தான். ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் வெளியே இருக்க வேண்டும், தாள் வரிசை கலையக்கூடாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. காங்கிரஸின் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் காப்பகப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதி, எந்தப் பெட்டி என்று கேட்டுக்கொண்டு போங்கள். கீழவை ஆவணங்கள் பொதுவாக 30 வருஷம் கழித்தும், செனட் ஆவணங்கள் 20 வருஷம் கழித்தும் திறக்கப்படும்.

அப்புறம், அந்தப் பெரியவரின் கேள்வி. பென்ஷனுக்கும் பதிவுத் திருத்தத்துக்கும் தனிச் சட்டம் போடும் வழியை 1946ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்துவிட்டது; பதிவுகளைத் திருத்த இப்போது ராணுவத் துறைகளின் வாரியங்கள் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்குப் போக, படையிலிருந்து விடுவிக்கப்பட்டதிலிருந்து 15 வருஷ வரம்பு. அதைத் தாண்டியவர்கள் டிடி 149 என்ற விண்ணப்பப் படிவத்தோடு பதிவுத் திருத்த வாரியத்துக்குப் போகலாம். அங்கே மூன்று வருஷக் கெடு உண்டு, ஆனால் நியாயம் கருதி அதை விலக்க வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இந்த மனுக்களோடு இருப்பவர்கள் ஒரு முறையாவது இங்கே வந்து பழைய வாக்குமூலங்களைப் படியுங்கள். எந்தத் தேதி, எந்த முகாம், யார் கண்ணால் பார்த்தார்கள் என்று எழுதும் விதம் கற்றுக்கொள்ள வேண்டியது.

இருபதாம் நூற்றாண்டுப் பணிக் கோப்புகளைத் தேடி இங்கே வராதீர்கள், அவை மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கின்றன. எங்கள் பெரியவருக்காக பணிக் கோப்பைக் கேட்கும் படிவம் 180ஐ அங்கே அனுப்பியிருக்கிறோம். அவரோடு படையில் இருந்த இரண்டு பேரும் சாட்சி எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.